ஆற்றின் மேலே ஒரு நகரம், கீழே ஒரு நகரம்: கற்பனைப் போருக்கு ஒரு சோற்றுக் கணக்கு

கேள்வி இதுதான்: ஒரு கற்பனை உலகம். ஒரே ஆற்றின் மேல்பகுதியில் ஒரு நகர அரசு, அங்கிருந்து 50 கிலோமீட்டர் கீழே, கடல் முகத்தில், அதற்குப் போட்டியாக ஒரு துறைமுக நகர அரசு. சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து ஒவ்வொன்றிலும் 60,000 பேர். வாள், ஈட்டி, வில் உண்டு, வெடிமருந்து இல்லை. மேல் நகரம் 30,000 வீரர்களோடு வந்து துறைமுகத்தை மூன்று ஆண்டு முற்றுகையிடுகிறது. கடைசியில் ஆற்றையே வேறு பக்கம் திருப்பி, தாகத்தில் தவிக்க வைத்து வெல்கிறது. நம்பும்படி இருக்கிறதா?

ஆறும் துறைமுகமும் மிக நல்ல தேர்வு. ஆனால் 30,000 வீரர், மூன்று ஆண்டு, ஆற்றைத் திருப்புவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நகர அரசுகளின் போரை நடத்துவது தளபதியின் வீரத்தை விட அறுவடை நாள்காட்டிதான். அந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டால், உங்கள் கதைக்குத் தேவையான திருப்பங்கள் அதிலிருந்தே கிடைக்கும்.

முதலில் ஆள் கணக்கு. 60,000 பேரில் பாதி பெண்கள். மீதியில் சிறுவர், முதியவர், உடல் முடியாதவர் போனால் ஆயுதம் ஏந்தக்கூடிய ஆண்கள் ஏறத்தாழ 15,000 பேர் தேறுவார்கள். மதிலுக்குக் காவல் வேண்டும், உலைக்களத்தில் ஆள் வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வெளியே அனுப்ப முடிந்தது 5,000, மிஞ்சினால் 6,000. ஆகவே 30,000 என்பதை 5,000 ஆக்குங்கள். அது சின்னப் படை என்று தோன்றலாம். நான்கு பேர் வரிசையில் நடந்தால் 1,250 வரிசை. வரிசைக்கு இரண்டு மீட்டர் வைத்தால் இரண்டரைக் கிலோமீட்டர் நீளம். பின்னால் பொதிக் கழுதைகளும் வண்டிகளும் வேறு. முன்னால் போகிறவன் கூடாரம் அடித்து முடிக்கும்போது கடைசி வண்டி இன்னும் தூசிக்குள் வந்துகொண்டிருக்கும்.

அடுத்தது நிலம். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 240 கிலோ தானியம் என்று வைத்தால் 60,000 பேருக்கு 14,400 டன். பழங்கால மானாவாரிக் கோதுமையில் ஹெக்டேருக்கு 600 கிலோ விளைந்தாலே நல்ல விளைச்சல். விதைக்கு எடுத்து வைத்தது போக 450 கிலோ நிற்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் 30 ஹெக்டேர் உழவுக்கு உதவும், அதிலும் பாதி தரிசாகக் கிடக்கும் என்றால், ஆண்டுக்குச் சுமார் 7 டன். ஆக, நகரத்துக்கு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் வேண்டும். பழைய கிரேக்க நகர அரசான ஏதென்ஸின் நாட்டுப்புறம், அட்டிகா, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். ஏதென்ஸில் மக்கள் இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால்தான் அது கருங்கடல் தானியத்தை நம்பியிருந்தது. 2,000 சதுர கிலோமீட்டரை வட்டமாக வரைந்தால் நகரத்திலிருந்து எல்லை 25 கிலோமீட்டர். அதாவது உங்கள் இரண்டு நகரங்களின் வயல்களும் நடுவழியில் சரியாக உரசிக்கொள்கின்றன. சண்டைக்கான காரணத்தை வெளியே தேட வேண்டாம், அந்த நடு வயல்களே போதும். ஏறத்தாழ கி.மு. 2500-இல் சுமேரில் (இன்றைய தென் ஈராக்) லகாஷ், உம்மா என்ற நகரங்கள் அப்படிப்பட்ட எல்லை வயல்களுக்காகவும் அவற்றுக்குப் பாயும் வாய்க்கால் நீருக்காகவும்தான் பல தலைமுறை அடித்துக்கொண்டன. உம்மா மேல்மடை, லகாஷ் கீழ்மடை.

இனி அறுவடை. மேற்சொன்ன கணக்கில் ஓர் ஆண்டில் 30,000 ஹெக்டேர் கதிர் நிற்கும். அரிவாளால் அறுத்துக் கட்ட ஹெக்டேருக்கு ஐந்து ஆள்நாள் என்றால் மொத்தம் 1,50,000 ஆள்நாள். கதிர் முற்றியபின் மணி உதிர்வதற்குள் 15 நாளில் முடிக்க வேண்டும். அதற்குப் பத்தாயிரம் பேர் வயலில் நிற்க வேண்டும். பெண்களும் சிறுவர்களும் இறங்கினாலும், அந்த இரண்டு வாரத்தில் 5,000 திடமான ஆண்கள் வேறோர் ஊர் மதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடுத்த ஆண்டு பஞ்சம். வீட்டில் இருந்தாலும் அவன் தின்னத்தான் போகிறான். தின்பதால் வரும் நட்டத்தை விட அவன் அறுக்காமல் விடுவதால் வரும் நட்டம் பெரிது.

இதற்கு நன்றாகப் பதிவான உதாரணம் கி.மு. 431-இல் தொடங்கிய ஏதென்ஸ்–ஸ்பார்ட்டா போர். போட்டிக் கிரேக்க அரசான ஸ்பார்ட்டாவின் அணி முதல் ஆண்டுகளில் பலமுறை அட்டிகாவுக்குள் புகுந்து வயலை அழித்தது. அதில் மிக நீண்ட படையெடுப்பு, கி.மு. 430-இல் நடந்தது, வெறும் 40 நாள். மிகக் குறுகியது கி.மு. 425-இல், 15 நாள். அந்த ஆண்டு சற்று முன்னதாக வந்துவிட்டார்கள். கதிர் இன்னும் பச்சை. எதிரியின் தானியத்தைத் தின்னலாம் என்று நம்பி வந்தவர்களுக்குச் சாப்பாடு இல்லை, வானிலையும் மோசம். போதாக்குறைக்கு ஏதென்ஸ் படை ஸ்பார்ட்டாவின் சொந்தக் கரையிலுள்ள பைலாஸில் இறங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும் திரும்பிவிட்டார்கள். இன்னொரு நுணுக்கம்: பச்சைக் கோதுமை பற்றி எரியாது. தீ வைத்து அழிக்க, கதிர் காய்ந்து அறுவடையாகாமல் நிற்கும் சில வாரங்கள்தான் உண்டு. ஒலிவ மரத்தை வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். "வயலை எல்லாம் எரித்தார்கள்" என்று ஒரு வரியில் தாண்டிவிடாதீர்கள். எந்த வாரம் என்று உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

உங்கள் உலகத்தில் விளைவது நெல் என்றால் இந்த எண்கள் எல்லாம் மாறும். விளைச்சல் கூடும், அதே நிலத்தில் மக்கள் அடர்த்தியாக இருப்பார்கள், எல்லைகள் சுருங்கும். சேற்று வயலில் குதிரையும் வண்டியும் இறங்காது. எனவே படை, அறுப்பு முடிந்து வயல் காய்ந்தபின் புறப்படும். எதிரியின் நெல்லை எரிப்பதை விட அவனுடைய மதகை உடைப்பது அதிக நாசம்.

சரி, முற்றுகைக்கு வருவோம். துறைமுக மக்களில் பாதிப் பேர் மதிலுக்குள் இருக்கிறார்கள் என்றால் 30,000 பேர். ஹெக்டேருக்கு 150 பேர் வீதம் 200 ஹெக்டேர். வட்டமாக இருந்தால் சுற்றளவு ஐந்து கிலோமீட்டர். அம்பு எட்டாத தூரத்தில், 300 மீட்டர் தள்ளி வளைக்க, முற்றுகைக் கோடு ஏழு கிலோமீட்டர் ஆகும். துறைமுகம் என்பதால் ஒரு பக்கம் கடல். நிலப்பக்கம் நான்கு கிலோமீட்டர் என்று கொள்ளலாம். பத்து மீட்டருக்கு ஒரு காவலன், மூன்று முறை மாற்றி நின்றால் 1,200 பேர். உள்ளே இருப்பவன் குறுக்கே ஓடி எந்த இடத்திலும் திடீரென்று 500 பேரைத் திரட்டலாம். வெளியே இருப்பவன் வளைந்து ஓட வேண்டும். முற்றுகையிடுபவன் இந்தச் சுற்று வழியால் எப்போதும் பின்தங்குகிறான். அதற்கு மருந்து சுவர் கட்டுவதுதான்.

பிளாட்டியா என்ற சின்ன ஊரை ஸ்பார்ட்டா அணி வளைத்தது இதற்குச் சரியான பாடம். உள்ளே 400 பிளாட்டியர், 80 ஏதென்ஸ்காரர், ரொட்டி சுட 110 பெண்கள். அவ்வளவுதான். மற்றவர்களை முன்பே ஏதென்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே 16 அடி இடைவெளியில் இரண்டு சுவர்: ஒன்று ஊரைப் பார்த்து, மற்றது உதவிக்கு வரக்கூடிய ஏதென்ஸைப் பார்த்து. நடு இடைவெளியில் காவலர் குடியிருப்பு. சுவர் முடிந்ததும் பெரும்படை வீட்டுக்குப் போய்விட்டது. காவலுக்குத் தேவையான ஆட்கள் மட்டும் நின்றார்கள். உங்கள் மேல் நகரமும் இப்படித்தான் செய்ய முடியும்: 5,000 பேர் ஒரு பருவம் சுவர் கட்டுவார்கள், பிறகு கூலி வாங்கும் 1,500 பேர் காத்திருப்பார்கள்.

அந்தச் சுவரைத் தாண்டித் தப்பியவர்களின் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஏணி எவ்வளவு உயரம் வேண்டும்? எதிரியின் சுவரில் பூச்சு இல்லாத ஓர் இடத்தில் செங்கல் வரிசைகளை எண்ணினார்கள். ஒருவர் எண்ணினால் பிசகும் என்பதால் பலர் ஒரே நேரத்தில் எண்ணி, பலமுறை எண்ணி, பெரும்பாலோர் சொன்ன எண்ணை எடுத்துக்கொண்டார்கள். ஒரு செங்கலின் கனம் தெரியும், பெருக்கினால் உயரம். மழையும் காற்றும் அடித்த, நிலவில்லாத குளிர்கால இரவில் புறப்பட்டார்கள். ஆயுதங்கள் உரசிச் சத்தம் வரக்கூடாது என்று விலகி விலகி நடந்தார்கள். சேற்றில் வழுக்காமல் இருக்க இடது காலில் மட்டும் செருப்பு. ஒருவன் கை பட்டு மேலே இருந்த ஓடு விழுந்தது. காவலர் எழுந்தார்கள், ஆனால் இருட்டிலும் புயலிலும் என்னவென்று தெரியவில்லை. தப்பியவர்கள் முதலில் எதிரி ஊரான தீப்ஸ் போகும் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள், அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்று. 212 பேர் பிழைத்தார்கள். உங்கள் கதையில் தப்பிக்கும் காட்சி இருந்தால், வீர வசனத்தை விட இந்தச் செங்கல் எண்ணும் காட்சி வாசகரை அதிகம் பிடித்துக்கொள்ளும்.

கூலி என்றதும் பணம் வருகிறது. ஏதென்ஸ் நாணயத்தில் 6,000 திராக்மா ஒரு தாலந்து. மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல் ஒன்றில் 200 பேர், அதில் 170 பேர் துடுப்புத் தள்ளுபவர்கள். ஆளுக்கு நாளுக்கு ஒரு திராக்மா என்றால் ஒரு கப்பலுக்கு மாதம் சரியாக ஒரு தாலந்து. 5,000 காலாட்படைக்கும் 25 கப்பலுக்கும் ஒரே செலவு: மாதம் 25 தாலந்து. போர் தொடங்கியபோது ஏதென்ஸின் கையிருப்பு 6,000 தாலந்து. பொத்திடேயா என்ற ஒரே ஊரின் முற்றுகை அதில் 2,000-த்தை விழுங்கியது. இரண்டு ஆண்டுக்கு மேல் 3,000 வீரர், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு திராக்மா: ஒன்று அவனுக்கு, ஒன்று அவன் பணியாளுக்கு. ஆக, மூன்று ஆண்டு முற்றுகை நடக்கக்கூடியதுதான். ஆனால் உங்கள் மேல் நகரத்துக்கு ஒரு வெள்ளிச் சுரங்கமோ, கப்பம் கட்டும் ஊர்களோ, பணம் கொடுக்கும் மூன்றாவது அரசோ இருக்க வேண்டும். அந்த மூன்றாவது அரசு இல்லாததுதான் உங்கள் திட்டத்தில் பெரிய ஓட்டை.

காரணம், கடல் திறந்திருக்கும் வரை துறைமுகத்தைத் தரைவழியே பட்டினி போட முடியாது. மேல் நகரத்துக்குக் கடற்படை கிடையாது. ஸ்பார்ட்டாவும் அதே நிலையில்தான் இருந்தது. பாரசீகப் பணத்தால்தான் கப்பல் கட்டியது. துடுப்புக்காரர்களின் நாள் கூலியை மூன்று ஓபோலில் இருந்து நான்காக உயர்த்தப் பாரசீக இளவரசர் சைரஸ் ஒப்புக்கொண்டார்; ஆறு ஓபோல் ஒரு திராக்மா. அந்த ஓர் ஓபோல் எதிரியின் துடுப்புக்காரனையும் இழுக்கும், ஏனென்றால் அவனும் கூலிக்குத்தான் வந்திருக்கிறான். கி.மு. 405-இல் ஏதென்ஸின் கப்பல்கள் கருங்கடலுக்குப் போகும் வழியிலுள்ள ஹெல்லஸ்பாண்ட் நீரிணையின் கரையில் பிடிபட்டதும், கருங்கடல் தானியம் நின்றது. போர் உண்மையில் அங்கேயே முடிந்தது.

இப்போது ஆறு. உங்கள் கதையின் உயிர் இங்கே இருக்கிறது, கவனமாகக் கையாளுங்கள். 5,000 வீரர், கூட 2,500 பணியாளர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ, மொத்தம் ஏழரை டன் தானியம். கோவேறு கழுதை ஒன்று 100 கிலோ சுமக்கும், ஆனால் தானும் நாளுக்கு நான்கு கிலோ தானியம் தின்னும். அதன் தீனியைச் சேர்க்காமலேயே நாளுக்கு 75 பொதி, போகவும் வரவும் நான்கு நாள், ஒரு நாள் ஓய்வு என்றால் எப்போதும் 375 கழுதைகள் பாதையில். படகில் என்றால்? பத்து டன் படகு ஒன்று நாள்தோறும் நீரோட்டத்தோடு இறங்கினால் போதும். காலிப் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுபோகலாம். ஆக, முற்றுகைப் படைக்குச் சோறு போடுவதே அந்த ஆறுதான். அதைத் திருப்பிவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது திருப்பியவனின் படை. உங்கள் மேல் நகரத்தின் சபையில் இது பெரிய சண்டையாக வெடிக்க வேண்டும்: பொறியாளன் ஒரு பக்கம், உணவுப் பொறுப்பாளன் மறுபக்கம்.

திருப்புவது சுலபமும் அல்ல. 15 மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம், பத்து கிலோமீட்டர் நீளக் கால்வாய்க்கு 4,50,000 கனமீட்டர் மண் வெட்ட வேண்டும். மென்மண்ணில் ஓர் ஆள் நாளுக்கு இரண்டரைக் கனமீட்டர் வெட்டிப் போட்டால் 1,80,000 ஆள்நாள். 3,000 பேருக்கு இரண்டு மாதம். அறுவடைக்கு வேண்டிய மொத்த உழைப்பை விட அதிகம். 1504-இல் பீசாவை அடக்க புளோரன்ஸ் நகரம் ஆர்னோ ஆற்றைத் திருப்பிப் பார்த்தது. வெட்டிய கால்வாயின் தரை ஆற்றுப் படுகையை விட உயரமாக இருந்தது. வெள்ளத்தில் மட்டும் தண்ணீர் ஏறி, வடிந்ததும் ஆறு பழைய வழியே போனது. பிறகு மழையில் கரைகள் சரிந்தன. பணமும் உழைப்பும் வீண். பீசா 1509-இல்தான் பணிந்தது. உங்கள் பொறியாளன் தவறு செய்ய வேண்டுமானால் இந்தத் தவறையே செய்யட்டும்: மட்டம் பார்த்ததில் ஒரு முழம் பிசகு.

திருப்பியே விட்டாலும் துறைமுகம் உடனே தாகத்தில் சாகாது. 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 60,000 லிட்டர். ஐந்து பேர் குடும்பம் நாளுக்கு 100 லிட்டர் செலவழித்தால் 600 நாள் வரும். வெனிஸ் பல நூற்றாண்டு இப்படி மழைநீர்த் தொட்டிகளை நம்பி வாழ்ந்த ஊர். ஆறு வற்றினால் வரும் கேடு வேறு மாதிரி. கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும், கரையோரக் கிணறுகள் உப்புக் கரிக்கும், நீரால் ஓடும் மாவு ஆலை நிற்கும். தானியம் களஞ்சியம் நிறைய இருந்தும் மாவு இல்லை! பிளாட்டியாவில் 110 பெண்களை நிறுத்தி வைத்தது சும்மா அல்ல. பிறகு விறகு. முற்றுகைக் கதைகளில் எல்லோரும் மறப்பது இதைத்தான். 30,000 பேருக்கு ஆளுக்கு அரைக் கிலோ விறகு என்றாலே நாளுக்கு 15 டன். முதலில் படகுகள், பிறகு கதவுகள், பிறகு கூரை உத்தரம் என்று ஊர் தன்னையே எரித்துக்கொள்ளும்; கூரை போனால் மழைநீரும் போகும்.

துறைமுகம் என்ன திருப்பி அடிக்கும்? வெனிஸ்–ஜெனோவா போரைப் பாருங்கள். 1379 ஆகஸ்டில் ஜெனோவா, வெனிஸின் காயலில் இருந்த கியோஜாவைப் பிடித்தது. அந்த டிசம்பரில் ஒரு நீண்ட இரவில் வெனிஸ் கல் ஏற்றிய கப்பல்களை வாய்க்கால்களில் மூழ்கடித்து, பிடித்தவனை உள்ளேயே அடைத்தது. முற்றுகையிட வந்தவன் முற்றுகைக்குள் சிக்கினான். 1380 ஜனவரி 1-இல் வெனிஸ் தளபதி கார்லோ ஜெனோவின் கப்பல்கள் கிழக்கிலிருந்து திரும்பி வந்தன. ஜூனில் ஜெனோவாக்காரர்கள் சரணடைந்தார்கள். உங்கள் துறைமுகம் அதையே ஆற்றில் செய்யலாம்: முற்றுகை முகாமுக்கு மேலே, ஆறு குறுகும் வளைவில் இரவில் நான்கு படகுக் கல். தானியப் படகு வராது. கழுதைகளை முன்பே விற்றுவிட்ட மேல் நகரம் அப்போது என்ன செய்யும்? மூன்றாம் ஆண்டின் கதை அதுதான்.

நோயை மறக்க வேண்டாம். 7,500 பேர் முகாமில் நாளுக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் மலம் சேரும். ஒரே இடத்தில் மூன்று வாரம் தங்கி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே கழிப்பிடம் போட்டால் வயிற்றுக்கடுப்பு படையைப் பாதியாக்கும். மதிலுக்குள்ளும் அப்படித்தான், நாட்டுப்புற மக்கள் உள்ளே வந்து நெருங்கிக் கிடந்த ஏதென்ஸில் கி.மு. 430-இல் கொள்ளைநோய் பரவியது, அடுத்த ஆண்டு ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸும் போனார்.

முடிவைப் பட்டினியில் வையுங்கள், ஆனால் அதையும் கணக்கோடு எழுதுங்கள். ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் வெளியூர்களில் பிடித்த ஏதென்ஸ்காரர்களைக் கொல்லாமல், ஏதென்ஸுக்கே அனுப்பினார். கருணையால் அல்ல, உள்ளே வாய்கள் கூடினால் களஞ்சியம் சீக்கிரம் தீரும் என்பதால். மதிலுக்குள் இருப்பதை எப்படிக் காட்டுவது என்பதற்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி உண்டு: ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த சோழன் நெடுங்கிள்ளியிடம் கோவூர்கிழார் பாடிய புறநானூறு 44. அதில் சண்டையே இல்லை. குளத்தில் படியாத யானை, பாலில்லாமல் அழும் குழந்தை, பூ இல்லாத கூந்தல், தண்ணீர் இல்லாத வீடு. திற, அல்லது போரிடு என்று கேட்பது அதற்குப் பிறகுதான்.

சரணடைந்தபின் ஒப்பந்தத்தை எழுதிப் பாருங்கள், வரிவரியாக. ஏதென்ஸ் தன் நெடுமதில்களை இடிக்க வேண்டியிருந்தது, 12 கப்பல் தவிர மற்றதை ஒப்படைக்க வேண்டியிருந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை: நடு வயல்களின் எல்லைக் கல் எந்த வாய்க்காலின் எந்தக் கரையில் நடப்படுகிறது, அந்த வயலில் விளைவதில் எத்தனை பங்கு யாருக்கு, பாதி வெட்டிக் கிடக்கும் கால்வாயை மூடுவது யார் செலவில், அதன் தலைமதகுக்கு இனி எந்த ஊர்க்காரன் காவல்.